நாடுகாணி செக்போஸ்டில் நிபாவைப் பிடிக்க முடியுமா?

கேரளாவில் மலப்புறத்திலோ கோழிக்கோட்டிலோ நிபா (வௌவாலிலிருந்து மனிதருக்கு வரும் கொடிய வைரஸ் காய்ச்சல்) என்று டிவியில் செய்தி ஓடத் தொடங்கினால், ஒன்றிரண்டு நாளில் நீலகிரியின் கேரள எல்லையோரம் இருக்கும் நாடுகாணி செக்போஸ்டில் ஒரு மேசை வந்துவிடும். மேசைமேல் ஒரு ரிஜிஸ்டர், ஒரு சானிடைசர் பாட்டில், நெற்றிக்கு நேரே பிடிக்கிற தெர்மாமீட்டர். வழிக்கடவிலிருந்து மலையேறி வரும் பஸ்ஸை ஓரங்கட்டச் சொல்லி, சுகாதாரத் துறைப் பணியாளர் உள்ளே ஏறி வரிசையாக அளந்துகொண்டே போவார். ஜன்னலோரம் தூங்குகிறவருக்குத் தூக்கத்திலேயே சூடு பார்த்துவிடுவார். கொஞ்சம் கூடக் காட்டினால் கீழே இறக்கி, பெயர், ஊர், எங்கே போய் வருகிறீர்கள் என்று கேள்வி. பந்தலூர்ப் பக்கம் தாளூர், சோலாடி, பாட்டவயல், நம்பியார்குன்னு எல்லா இடத்திலும் இதே காட்சிதான். கோவைக்காரர்களுக்கு வாளையார்.

மழையில் நின்று வேலை பார்க்கிற அந்த ஆட்களைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் நெற்றிச் சூட்டை வைத்து நிபாவைப் பிடிக்க முடியுமா என்று கேட்டால், கிட்டத்தட்ட முடியாது. நிபா வைரஸ் உடம்புக்குள் புகுந்த பிறகு காய்ச்சலாக வெளியே தெரிய பொதுவாக 4 முதல் 14 நாள் ஆகும். அபூர்வமாக 45 நாள் வரை ஆனதும் பதிவாகியிருக்கிறது. அதாவது இன்று தொற்று வாங்கியவர் நாளை குளிர்ந்த நெற்றியோடு செக்போஸ்டைத் தாண்டி, கூடலூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். மறுபக்கம், நிபா முற்றி மற்றவர்களுக்குத் தொற்றக்கூடிய கட்டத்தில் இருப்பவர் பஸ்ஸில் உட்கார்ந்து வரும் நிலையிலேயே இருக்கமாட்டார். ஆம்புலன்சில் இருப்பார், அல்லது ஏதாவது ஒரு வார்டில் நினைவில்லாமல் கிடப்பார். நடுவில் தெர்மாமீட்டரில் சிக்குவது சாதாரண சளிக்காய்ச்சல்காரர்கள்.

அப்படியானால் நிபாவை எங்கே மறிப்பது? அதற்கு 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பேராம்பிரை அருகே சங்கரோத்து பஞ்சாயத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் கடும் காய்ச்சலோடு பேராம்பிரை தாலுகா ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அங்கே அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் லினி. பிறகு அந்த இளைஞரைக் கோழிக்கோடு மெடிக்கல் காலேஜுக்கு மாற்றினார்கள். மே 5ஆம் தேதி ஸ்கேன் எடுக்க ரேடியாலஜி பிரிவுக்குப் போகும் நடைக்கூடத்தில் அவர் காத்திருந்தார். விடாத இருமல். அரசு ஆஸ்பத்திரி நடைக்கூடம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். ஸ்ட்ரெச்சர், வீல் சேர், தரையில் துண்டு விரித்து உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்கள், கையில் ஃபைலோடு குறுக்கே நடக்கும் ஆட்கள். அவர் அன்றே இறந்துவிட்டார். என்ன நோய் என்று யாருக்கும் தெரியாது. மூளைக்காய்ச்சல் என்ற அளவில் அந்தக் கேஸ் முடிந்துபோனது.

கிட்டத்தட்ட இரண்டு வாரம் கழித்து அவருடைய சகோதரர் அதே அறிகுறிகளோடு ஒரு தனியார் மருத்துவமனைக்கு வந்தார். ஒரே வீட்டில் ஒருவருக்குப் பின் ஒருவராக இப்படி வருகிறதே என்று அங்கிருந்த மருத்துவர்களுக்குச் சந்தேகம். மாதிரிகள் மணிப்பால் வைரஸ் ஆய்வு மையத்துக்குப் போயின. பிறகு புனே தேசிய வைராலஜி நிறுவனம் நிபாதான் என்று உறுதி செய்தது. அதற்குள் அந்த நடைக்கூடத்திலும் வார்டிலும் தொற்று வாங்கியவர்கள் ஆங்காங்கே படுக்கையில் விழுந்திருந்தார்கள். மே 21 அன்று லினி இறந்தார். அந்த முறை மொத்தம் 17 பேர் போனார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், வௌவாலிலிருந்து மனிதனுக்கு வைரஸ் வந்தது ஒரே ஒரு முறைதான். முதல் நோயாளியைத் தவிர மற்ற எல்லாரும் மனிதரிடமிருந்து வாங்கியவர்கள். அதுவும் ரோட்டிலோ சந்தையிலோ பஸ்ஸிலோ அல்ல. வீட்டில் கூட இருந்து பார்த்துக்கொண்டவர்கள், ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்தவர்கள். 2001இல் சிலிகுரியில் 66 பேருக்கு நிபா வந்து 45 பேர் இறந்தபோதும் பெரும்பாலும் ஆஸ்பத்திரிகளுக்குள்தான் அது பரவியது. நிபாவின் குணம் அப்படி. நோயாளியின் நிலைமை மோசமாக மோசமாகத்தான் எச்சில், சளி, சிறுநீர் வழியாக வைரஸ் அதிகமாக வெளியேறுகிறது. தொற்றும் வேகம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் நோயாளி படுக்கையில் கிடக்கிறார். எதிரே முகமூடி இல்லாமல் முகம் துடைத்துவிடும் அம்மாவோ மனைவியோ இருக்கிறார்.

ஒரு தொற்றாளர் சராசரியாக எத்தனை பேருக்கு நோயைக் கொடுக்கிறார் என்பதுதான் எந்தத் தொற்றுநோய்க்கும் அடிப்படைக் கணக்கு. தட்டம்மைக்கு அது 12 முதல் 18. ஒன்றுக்கு மேலே இருந்தால் பரவல் பெருகும், கீழே இருந்தால் தானே வற்றிவிடும். வங்கதேசத்தில் 2001 முதல் 2014 வரை வந்த 248 நிபா நோயாளிகளை ஆராய்ந்து பார்த்ததில் அந்த எண் 0.33 என்று வந்தது. சராசரி என்பது இங்கே ஏமாற்றும். அந்த 248 பேரில் மற்றவருக்குத் தொற்றைக் கொடுத்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. பெரும்பாலானவர்கள் யாருக்குமே கொடுக்கவில்லை. ஒரு சிலர் மட்டும் பலருக்குக் கொடுத்தார்கள். 2018இல் நடைக்கூடத்தில் இருமிக்கொண்டிருந்தவர் அந்தச் சிலரில் ஒருவர். 2021 செப்டம்பரில் கோழிக்கோட்டில் இறந்த 12 வயதுச் சிறுவன் பல ஆஸ்பத்திரிகள் ஏறி இறங்கியவன். தொடர்பில் இருந்தவர்கள் பட்டியல் நீண்டது. ஆனால் ஒருவருக்கும் வரவில்லை. 2019இல் எர்ணாகுளத்தில் நோய் வந்த கல்லூரி மாணவர் பிழைத்தார், அவரிடமிருந்தும் யாருக்கும் பரவவில்லை. யார் பரப்புவார், யார் பரப்பமாட்டார் என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லாததால் எல்லாரையும் பரப்புகிறவராக நினைத்துத்தான் நடத்த வேண்டியிருக்கிறது.

பன்றிப் பண்ணையில் தொடங்கியது

நிபா உலகத்துக்குத் தெரிய வந்தது மலேசியாவில். 1998 கடைசியில் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டி, கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். பலன் இல்லை. கொசு கடித்தால் எல்லாரையும் கடிக்க வேண்டும், அதிலும் சிறுவர்கள்தான் அதிகம் பாதிக்கப்பட வேண்டும். இங்கேயோ வந்ததெல்லாம் பன்றி வளர்க்கும் பெரியவர்களுக்கு. பன்றி வளர்க்காத முஸ்லிம்களுக்கு வரவே இல்லை. 1999இல் மலாயா பல்கலைக்கழகத்தில் சுவா கா பிங் என்ற ஆய்வாளர் ஒரு நோயாளியிடமிருந்து புது வைரஸைப் பிரித்தெடுத்தார். அந்த நோயாளியின் ஊர் சுங்கை நிபா. ஊர்ப் பெயரே வைரஸின் பெயராகிவிட்டது. (ஒரு கிராமத்துக்கு இதைவிடப் பெரிய அநியாயம் செய்ய முடியாது. இப்போது உலக சுகாதார நிறுவனம் புது நோய்களுக்கு ஊர்ப் பெயர் வைக்கக் கூடாது என்கிறது.)

பண்ணைக்கு மேலே பழ மரங்கள். இரவில் பழந்தின்னி வௌவால்கள் கடித்துப் போட்ட பழம் தொழுவத்தில் விழுகிறது, பன்றி தின்கிறது. நெருக்கமாக அடைத்து வளர்க்கும் பண்ணையில் பன்றிக்குப் பன்றி இருமலில் பரவுகிறது. அங்கிருந்து ஆட்களுக்கு. மலேசியாவில் 265 பேருக்கு நோய் வந்து 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்ற பிறகே அடங்கியது. அங்கே மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியது ஏறக்குறைய இல்லை.

வங்கதேசத்தில் நடுவில் பன்றி கிடையாது. குளிர்காலத்தில் ஈச்ச மரத்தைச் சீவி, பானை கட்டி, வடியும் சாற்றை விடியற்காலையில் பச்சையாகக் குடிப்பது அங்கே வழக்கம். இரவில் வௌவால்கள் வந்து அந்தச் சீவலை நக்குவதையும் பானையில் சிறுநீர் விடுவதையும் இருட்டில் படம் பிடிக்கும் கேமராக்களில் பார்த்திருக்கிறார்கள். மூங்கில் தட்டி கட்டி மரத்தின் சீவலை மறைத்தால் வௌவால் நெருங்குவது வெகுவாகக் குறைகிறது என்பதும் சோதித்துப் பார்த்த விஷயம்தான்.

கேரளாவில் பச்சை ஈச்சஞ்சாறு குடிக்கும் பழக்கம் இல்லை. அங்கே முதல் நோயாளிக்கு வைரஸ் எந்த வழியாக வந்தது என்பது இதுவரை ஒருமுறைகூட ஐயமில்லாமல் நிரூபிக்கப்படவில்லை. கடித்த பழம், கிணறு, வௌவால் எச்சம் பட்ட கை என்று பல ஊகங்கள் உண்டு. ஆனால் அந்தப் பகுதியின் பழந்தின்னி வௌவால்களில் நிபா இருப்பதை ஆய்வுகள் காட்டிவிட்டன. 2018 மே, 2019 ஜூன், 2021 செப்டம்பர், 2023 செப்டம்பர், 2024 ஜூலை, மறுபடி செப்டம்பர், 2025இல் மே மாதமும் ஜூலையும் என்று பார்த்தால் மே முதல் செப்டம்பர் வரை ஒரு பருவம் தெரிகிறது. 2025 ஜூலையில் பாலக்காடு மாவட்டத்திலும் வந்தது. பாலக்காட்டுக்கு இந்தப் பக்கம் வாளையார், வாளையாரைத் தாண்டினால் கோவை.

பழந்தின்னி வௌவால் ஒரே இரவில் பல கிலோமீட்டர் பறந்து இரை தேடும். நிலம்பூர்க் காட்டுக்கும் கூடலூருக்கும் நடுவில் இருக்கும் மாநில எல்லை அதற்குத் தெரியாது. வைரஸின் இருப்பிடம் என்று பார்த்தால் நாம் ஏற்கெனவே அதற்குள்தான் இருக்கிறோம்.

இதைச் சொன்னதும் சிலர் மரத்தை வெட்டு, வௌவாலை விரட்டு என்று கிளம்பிவிடுகிறார்கள். உகாண்டாவில் கிட்டாக்கா என்ற சுரங்கத்தில் இதைச் செய்து பார்த்தார்கள். அங்கிருந்த வௌவால்களில் எபோலாவைப் போன்ற கொடிய மார்பர்க் வைரஸ் இருந்ததால் வௌவால்களை மொத்தமாக ஒழித்தார்கள். சில வருடத்தில் புது வௌவால்கள் வந்து குடியேறின. அவற்றில் தொற்று முன்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. வெளியிலிருந்து வந்த இளம் வௌவால்களுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லாததால் அப்படி ஆனது என்கிறார்கள். தீபாவளிக்கு வௌவால்களுக்காகப் பட்டாசு வெடிக்காத கிராமங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அந்த ஊர்க்காரர்கள் செய்வதுதான் நோய்த் தடுப்புக் கணக்கிலும் சரி. தொந்தரவு செய்யாமல் விடுவது, கீழே கடிபட்டுக் கிடக்கும் பழத்தைத் தொடாமல் இருப்பது, கிணற்றுக்கு வலை போடுவது.

மாறினால் என்ன ஆகும்?

இவ்வளவு கொடிய வைரஸ் ஏன் இன்னும் உலகம் முழுக்கப் பரவவில்லை, நாளைக்குப் பரவுமா என்று அடுத்த கேள்வி வரும். நிபாவின் மரபுப் பொருள் ஆர்.என்.ஏ. சுமார் 18,000 எழுத்துகள். அதை நகலெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தும் வசதி இல்லை. பத்தாயிரம் எழுத்துக்கு ஒன்று முதல் பத்து லட்சம் எழுத்துக்கு ஒன்று வரை பிழை என்பது ஆர்.என்.ஏ. வைரஸ்களின் பொதுவான அளவு. கொரோனா வைரஸுக்கு 30,000 எழுத்து இருந்தும் ஓரளவு பிழை திருத்தும் ஏற்பாடு உண்டு. அப்படி இருந்தும் டெல்டா, ஒமிக்ரான் என்று நம்மை என்ன பாடு படுத்தியது என்று பார்த்தோம்.

தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியைத் தடை செய்த பிறகு எல்லையோரத்து ஆட்கள் அந்தப் பக்கம் போய்க் கேரளா லாட்டரி வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வைரஸின் ஒவ்வொரு பிழையும் அப்படி ஒரு சீட்டு. பெரும்பாலானவை குப்பைக்குப் போகிறவை. பல பிழைகள் வைரஸையே முடமாக்கிவிடும். பரிசு விழும் சீட்டு எப்போதாவது ஒன்று. ஆனால் எத்தனை சீட்டு விற்கிறது என்பது முக்கியம். 2018இல் வைரஸ் மனிதர்களுக்குள் எடுத்த சீட்டுகள் சுமார் இருபது பேருக்குள் முடிந்துவிட்டன. கொரோனா கோடிக்கணக்கான உடம்புகளில் சீட்டு எடுத்தது. டெல்டா போன்ற உருமாற்றம் ஒரு சின்னக் கிராமப் பரவலில் பிறப்பது கடினம், கூட்டம் கூட்டமாகப் பரவும்போது பிறப்பது சுலபம். ஆகவே ஒரு சங்கிலியை ஐந்தாவது ஆளிடம் அறுப்பது அந்த ஆறாவது ஆளைக் காப்பாற்றுவதோடு நிற்பதில்லை. மாறுவதற்கான வாய்ப்பையும் அங்கேயே அறுக்கிறது.

நிபாவுக்குப் பரிசு என்பது எது? மனிதரின் மூக்கிலும் தொண்டையிலும் நன்றாகப் பெருகி, நோயாளி நடமாடிக்கொண்டிருக்கும்போதே வெளியே வரும் திறமை. இப்போதைக்கு அது எஃப்ரின் பி2 என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு செல்லுக்குள் நுழைகிறது. அந்தப் புரதம் இரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் நரம்புச் செல்களிலும் நிறைய இருக்கிறது. மூளையை அது ஏன் தாக்குகிறது என்பதற்கு விடை அங்கே இருக்கிறது. வௌவால், பன்றி, மனிதர் மூவரிடமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால்தான் இனம் விட்டு இனம் தாவுவதும் அதற்குச் சுலபம். மலேசிய வகைக்கும் வங்கதேச வகைக்கும் மரபெழுத்துகளில் நூற்றுக்கு எட்டு, ஒன்பது வித்தியாசம். மலேசியாவில் மூளைக்காய்ச்சல் மேலோங்கி, இருமல் குறைவு. வங்கதேசத்தில் மூச்சுத் தொல்லை அதிகம், மனிதருக்கு மனிதர் பரவுவதும் அதிகம். கேரளத்து வைரஸ் வங்கதேச வகைக்கு நெருக்கமான, ஆனால் தனியாகப் பிரிந்த கிளை. இந்த வித்தியாசத்துக்கு வைரஸ் மட்டும் காரணமா, நோயாளியைக் குடும்பத்தார் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் நம் வழக்கமும் சேர்ந்து காரணமா என்பது பிரித்துச் சொல்லக் கடினமான விஷயம். எனக்கு இரண்டாவதற்கும் பெரிய பங்கு இருக்கும் என்றே படுகிறது.

தட்டம்மையும் நிபாவும் ஒரே வைரஸ் குடும்பம் என்பதுதான் ஆய்வாளர்களைத் தூங்கவிடாத விஷயம். ஆனால் நிபாவைத் தெரிந்துகொண்ட இந்தக் கால்நூற்றாண்டில் அது அந்தத் திசையில் போனதற்கான அறிகுறி எதுவும் தென்படவில்லை. ஒரே ஒரு எழுத்து மாறினால் நடந்துவிடும் காரியமும் அல்ல. வாட்ஸப்பில் வரும் "உருமாறிய நிபா" செய்திகளை இதை வைத்தே எடை போடலாம்.

உண்மையில் மாறும் திறமையில் பயப்பட வேண்டியது ஃப்ளூ. அதன் மரபுப் பொருள் எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. இரண்டு வகை ஃப்ளூ வைரஸ் ஒரே செல்லுக்குள் நுழைந்தால் துண்டுகள் கலந்து ஒரே நாளில் புது வைரஸ் தயாராகிவிடும். 2009இல் உலகைச் சுற்றிய பன்றிக் காய்ச்சல் அப்படிக் கலந்து பிறந்தது. நிபாவுக்கு இந்த வித்தை கிடையாது, அதன் ஆர்.என்.ஏ. ஒரே நீள இழை. பறவைகளுக்கு வரும் ஃப்ளூவான பறவைக் காய்ச்சல் கேரளாவின் குட்டநாட்டு வாத்துகளுக்கு 2014இல் வந்தது, 2024இலும் வந்தது. அப்படி வரும்போதெல்லாம் வாளையாரில் லாரிச் சக்கரங்களுக்கு மருந்து அடிக்கிறார்கள். இதைக் கிண்டல் செய்கிறவர்கள் உண்டு. நான் செய்யமாட்டேன். நாமக்கல்லிலிருந்து முட்டை ஏற்றிப் போகும் லாரி காலி ட்ரேக்களோடு திரும்பி நேரே பண்ணை வாசலுக்கே வருகிறது. பறவைக் காய்ச்சல் வைரஸ் ஈர எச்சத்தில் நாட்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். ட்ரேயின் குழியில் காய்ந்து ஒட்டியிருக்கும் எச்சமும் டயரின் பள்ளத்தில் இருக்கும் சேறும்தான் அதன் வாகனம். அந்த வைரஸுக்குச் செக்போஸ்ட் பொருத்தமான இடம். நிபாவுக்கு அல்ல. எந்த வைரஸ் எதில் ஏறிப் பயணம் செய்கிறது என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே மேசையைப் போடுவதுதான் நம் பிரச்சினை.

இன்னொரு நம்பிக்கையையும் இங்கே சொல்லியாக வேண்டும். வைரஸ் நாளாக நாளாகச் சாதுவாகிவிடும் என்று கொரோனா காலத்தில் படித்தவர்களே சொன்னார்கள். இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது ஆஸ்திரேலிய முயல் கதை. 1950இல் பெருகிக் கிடந்த முயல்களை ஒழிக்க மிக்சோமா வைரஸை அவிழ்த்துவிட்டார்கள். முதலில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் செத்தன. சில வருடத்தில் சற்றுக் கடுமை குறைந்த வகைகள் மேலோங்கின. கொசு வழியாகப் பரவும் வைரஸ் அது. முயல் இன்னும் கொஞ்ச நாள் உயிரோடு கிடந்தால்தான் அதிகக் கொசு கடிக்கும், அதிகம் பரவும். கதையை இதோடு நிறுத்திவிடுகிறார்கள். கடுமை குறைந்த வகைகளும் பத்தில் ஏழு முயலையாவது கொன்றுகொண்டிருந்தன என்பதைச் சொல்வதில்லை. ரேபிஸ் ஆயிரக்கணக்கான வருடமாக இருக்கிறது. இன்றும் அறிகுறி வந்துவிட்டால் சாவுதான். நிபாவுக்கு மனிதர் ஒரு முட்டுச்சந்து. வௌவாலில் அது தொந்தரவில்லாமல் வாழ்ந்துகொண்டிருக்கிறது. நாம் சாவதாலும் பிழைப்பதாலும் அதற்கு லாபநஷ்டம் இல்லாதபோது சாதுவாக வேண்டிய அவசியம் எங்கிருந்து வரும்?

வார்டில்தான் மறிக்க வேண்டும்

பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்ததாக 1980இல் அறிவித்தார்கள். அது மனிதரிடம் மட்டும் இருந்தது, வந்தால் முகத்திலேயே தெரிந்தது, நல்ல தடுப்பூசி இருந்தது. நிபாவுக்கு இந்த மூன்றுமே இல்லை. வௌவாலில் இருக்கும் வரை ஒழிக்க முடியாது, வரும்போது சங்கிலியை அறுக்கத்தான் முடியும். அதற்கு நிபாவே ஒரு வழி விட்டு வைத்திருக்கிறது. 2003இல் கொரோனா குடும்பத்தைச் சேர்ந்த சார்ஸ் வந்தபோது 8,096 பேருக்குப் பரவி 774 பேர் இறந்தார்கள். தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. நோயாளிகளைத் தனிமைப்படுத்தியே சில மாதத்தில் அடக்கிவிட்டார்கள். காரணம், சார்ஸ் நோயாளி படுத்த பிறகுதான் அதிகம் பரப்பினார். அதன் தம்பியான கோவிட் அறிகுறிக்கு முன்பே பரப்பியது, அதனால் கையை மீறிப் போனது. நிபா இந்த விஷயத்தில் சார்ஸ் கட்சி.

அதனால்தான் கேரளா 2018க்குப் பிறகு வேறு மாதிரி வேலை செய்கிறது. ஒருவருக்கு உறுதியானதும் அவர் எந்த நாள், எந்த நேரம், எந்தக் கடை, எந்த ஆட்டோ, எந்த ஓ.பி. என்று ரூட் மேப் வெளியிடுகிறார்கள். தொடர்பில் இருந்தவர்களை அதிக ஆபத்து, குறைந்த ஆபத்து என்று பிரித்து 21 நாள் கண்காணிக்கிறார்கள். கடைசி நோயாளிக்குப் பிறகு 42 நாள் புதுசாக யாரும் வரவில்லை என்றால்தான் ஓய்ந்தது என்று அறிவிக்கிறார்கள். 2023இல் ஆறு பேருக்கு வந்து இரண்டு பேர் இறந்தார்கள். நிபாவில் பொதுவாக நூற்றுக்கு 40 முதல் 75 பேர் இறப்பார்கள் என்பதோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஆனால் அந்த முறையும் முதல் ஆள் ஆகஸ்ட் 30 அன்று இறந்தபோது யாரும் நிபாவை நினைக்கவில்லை. அவருடைய குடும்பத்தில் மற்றவர்கள் விழுந்த பிறகே தெரிந்தது. 2018இல் நடந்த அதே கதை.

முதல் ஆளைத் தவறவிடுவதை அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. எங்கள் மலைப்பக்கம் மழைக்காலத்தில் காய்ச்சலோடு வருகிறவருக்கு டெங்கு இருக்கலாம், எலிக்காய்ச்சல் இருக்கலாம், உண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் இருக்கலாம், காட்டோரமென்றால் குரங்குக் காய்ச்சல்கூட இருக்கலாம். தலைவலி, வாந்தி, உளறல் எல்லாம் இவற்றில் பலவற்றுக்கும் வரும். ஐம்பது பேர் வரிசையில் நிற்கும் ஓ.பி.யில் ஒரு டாக்டர் நிபாவை முதலாவதாக நினைக்கமாட்டார், நினைக்கவும் கூடாது. அதனால் எந்தக் காய்ச்சல், எந்த இருமல் வந்தாலும் முகமூடி, கையுறை, இருமுகிறவரைத் தனியே உட்கார வைப்பது என்ற சாதாரண ஒழுங்குதான் காப்பாற்றும். அந்த ஒழுங்குக்கு நோயின் பெயர் தெரிய வேண்டியதில்லை.

மருந்து, தடுப்பூசி பக்கம் நிலவரம் மெதுவாக நகர்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைத்த மோனோகுளோனல் ஆன்டிபாடி (வைரஸைத் தடுக்க ஆய்வகத்தில் தயாரித்த எதிர்ப்புப் புரதம்) கையிருப்பில் கொஞ்சம் இருக்கிறது, ஆரம்பத்திலேயே கொடுத்தால் உதவலாம் என்ற நம்பிக்கையில். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நிபா தடுப்பூசியை 2024 ஜனவரியில் முதன்முறையாக மனிதர்களுக்குப் போட்டுச் சோதிக்கத் தொடங்கினார்கள். அது வந்தாலும் ஊருக்கெல்லாம் போடும் ஊசியாக இருக்காது. 2015இல் கினியாவில் எபோலாவுக்குச் செய்தது போல நோயாளியைச் சுற்றி இருப்பவர்களுக்கும், வார்டு ஊழியர்களுக்கும் போட்டு வளையம் கட்டுவதற்குத்தான் பயன்படும்.

இதில் கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு என்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. எங்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் பலருக்கும் ஊட்டியோ கோவையோ அல்ல. சுல்தான் பத்தேரி, பெரிந்தல்மண்ணை, கோழிக்கோடு மெடிக்கல் காலேஜ். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லைனில் ஒருவருக்கு முடியவில்லை என்றால் ஜீப் பிடித்துப் பத்தேரிக்குத்தான் போவார்கள். கூட ஒருவர் தங்குவார், பைஸ்டாண்டர் என்று அங்கே சொல்வார்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஆள் மாறும். ஞாயிற்றுக்கிழமை லைனில் பாதிப் பேர் பார்க்கப் போவார்கள். வார்டில் பக்கத்துக் கட்டில் நோயாளிக்கு என்ன நோய் என்று இவர்களுக்குத் தெரியாது. பத்து நாள் கழித்து அந்தப் பக்கத்துக் கட்டில்காரருக்கு நிபா என்று தெரிய வந்தால், அட்மிஷன் ரிஜிஸ்டரில் நோயாளியின் பெயர் இருக்கும். மாறி மாறித் தங்கிய மூன்று பைஸ்டாண்டர்களின் பெயர் இருக்குமா? அவர்களில் ஒருவர் அப்போது தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார். தெரியாத நம்பரிலிருந்து மலையாளத்தில் யாரோ பேசினால், பேங்க் மோசடி என்று கட் பண்ணிவிடவும் வாய்ப்பு இருக்கிறது.

நாடுகாணி மேசையில் இருக்கும் ரிஜிஸ்டரை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் சூட்டின் அளவுக்குப் பதிலாக வேறொன்றை எழுதலாம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறீர்களா, எந்த வார்டு, யாருக்குத் துணையாக இருந்தீர்கள், வீட்டில் எடுக்கிற போன் நம்பர் எது? பிறகு ஒரு மாதத்துக்கு, கூடலூரிலோ பந்தலூரிலோ காய்ச்சலோடு வருகிறவரிடம் எத்தனை நாள் காய்ச்சல் என்று கேட்பதற்கு அடுத்த கேள்வியாக டாக்டர் இதைக் கேட்டாலே போதும்: "மூணு வாரத்துக்குள்ள கேரளாவுல எந்த ஆஸ்பத்திரியிலயாவது யாருக்காவது கூட இருந்தீங்களா?" ஆமாம் என்றால் முதலில் ஒரு முகமூடி, அப்புறம் தனி அறை, அதற்குப் பிறகு இரத்தப் பரிசோதனை.